ஒரு கப் மைதா 120 கிராமா, 150 கிராமா? கிராமைக் கப்பாக மாற்றும் கணக்கு

ஜனவரி 4, 2024, இரவு

வந்த கேள்வியை அப்படியே போடுகிறேன். "கேக் குறிப்பு ஒன்று முழுக்கக் கிராமில் இருக்கிறது: மைதா 300, சர்க்கரை 180, வெண்ணெய் 150, பால் 120, பேக்கிங் பவுடர் 8, உப்பு 3, முட்டை மூன்று. வீட்டில் தராசு கிடையாது, கப்பும் ஸ்பூனும்தான். ஒரு கப் தண்ணீர் 240 கிராம் என்கிறார்கள். அப்படியென்றால் எல்லாவற்றையும் 240ஆல் வகுத்துக்கொண்டால் சரியாக வருமா?"

வராது. பாலுக்கு மட்டும் வரும், அது கிட்டத்தட்ட தண்ணீரின் கனம்தான் என்பதால். மைதாவை அப்படி வகுத்தால் ஒன்றேகால் கப் என்று விடை வரும். ஒன்றேகால் கப் மைதாவின் எடை 150 கிராம்தான், குறிப்பு கேட்பதில் சரிபாதி. அதை ஓவனில் வைத்தால் பொங்கி எழுந்து, தாங்க மாவு இல்லாமல் நடுவில் குழிந்து உட்கார்ந்துவிடும்.

கிராம் என்பது எடை, கப் என்பது இடம். ஒரு கப் இடத்துக்குள் எவ்வளவு எடை அடங்கும் என்பது பொருளுக்குப் பொருள் மாறும். 240 மில்லி கப்புக்கு நான் பயன்படுத்தும் எண்கள்: மைதா 120, சர்க்கரை 200, வெண்ணெய் 227, பால் 245, எண்ணெய் 218, தேன் 340, கோகோ பவுடர் 85, ஓட்ஸ் 90. இதன்படி உங்கள் குறிப்பில் மைதா இரண்டரை கப். சர்க்கரை ஒரு கப் எடுத்து அதிலிருந்து ஒன்றரை டேபிள்ஸ்பூன் திரும்ப எடுத்துவிடுங்கள். வெண்ணெய் மூன்றில் இரண்டு பங்கு கப், பால் அரை கப், பேக்கிங் பவுடர் இரண்டு டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு, உப்பு தலைதட்டி அரை டீஸ்பூன். முட்டை முட்டைதான்.

ஜனவரி 5, காலை

ஒரு கப் மைதா 150 கிராம் என்று இன்னொருவர் அடித்துச் சொல்கிறார், தானே நிறுத்துப் பார்த்ததாகவும் சொல்கிறார். இல்லை, 120தான். எத்தனையோ வருடமாக அந்த எண்ணை வைத்துத்தான் செய்கிறேன். நாளை நேரம் கிடைத்ததும் நிறுத்துவிட்டு எழுதுகிறேன்.

ஜனவரி 6

நிறுத்தேன். அவர் சொன்னதும் சரி.

ஒரே டப்பா மைதா, ஒரே கப், ஒரே தராசு. முதலில் என் வழக்கப்படி: டப்பாவில் மாவை ஸ்பூனால் கிளறி உதிர்த்துவிட்டு, ஸ்பூன் ஸ்பூனாக எடுத்துக் கப்பில் தளர்வாகப் போட்டு, மேலே குவிந்ததைக் கத்தியின் முதுகால் வழித்துத் தலைதட்டினேன். ஐந்து முறை: 118, 122, 120, 125, 119. சராசரி 121. என் 120 பிழைத்தது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்து அவர் செய்கிற மாதிரி கப்பையே டப்பாவுக்குள் விட்டு அள்ளித் தலைதட்டினேன். 138, 146, 141, 152, 144. சராசரி 144. கப்பை உள்ளே தள்ளும்போதே டப்பாவின் சுவரில் மோதி மாவு இறுகுகிறது, கையில் அந்த அழுத்தம் தெரிகிறது. கடைசியில், அள்ளிய கப்பை மேசைமேல் பத்து முறை தட்டினேன். மாவு விரல்கடை அளவுக்கு இறங்கியது. இறங்கிய இடத்தை நிரப்பித் தலைதட்டினால் 165.

120க்கும் 165க்கும் நடுவில் பொருளும் மாறவில்லை, பாத்திரமும் மாறவில்லை, கை வைத்த விதம்தான் மாறியது. 300 கிராம் மைதா என்பது என் கையில் இரண்டரை கப், அவர் கையில் இரண்டு கப்புக்கு மேல் ஒரு டேபிள்ஸ்பூன். என் இரண்டரை கப்பை அவர் கையால் அளந்திருந்தால் 360 கிராம் போயிருக்கும். 60 கிராம் அதிகம் என்றால் கேக் வறண்டு, மேலே வெடித்து, மறுநாளே தொண்டையில் அடைக்கும்.

எனவே முதல் பதிவில் 'மைதா 120' என்று மொட்டையாக எழுதியது தப்பு. 'உதிர்த்து, ஸ்பூனால் போட்டு, தலைதட்டி, 120' என்று எழுதியிருக்க வேண்டும்.

ஜனவரி 6, மாலை

சர்க்கரையையும் அதே மாதிரி ஐந்து முறை நிறுத்தேன். 199, 201, 200, 198, 202. அள்ளினாலும் சரி, ஸ்பூனால் போட்டாலும் சரி, அசையவில்லை. கடினமான சின்னப் படிகங்கள், ஒன்றன்மேல் ஒன்று சரிந்து தானாகவே அடங்கிவிடுகின்றன, அதற்கு மேல் அழுத்தினாலும் நசுங்காது. மைதாத் துகள் அப்படியில்லை, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நடுவில் காற்றைப் பிடித்துவைத்துக்கொள்கிறது.

பிரவுன் சுகரும் மைதா கட்சிதான். ஈரப்பசையால் ஒட்டும், அழுத்தினால் அடங்கும். அதனால்தான் குறிப்புகளில் 'அழுத்தி அடைத்தது' என்று போடுகிறார்கள், அப்படி அடைத்தால் 213 முதல் 220 வரை வரும். பொடித்த சர்க்கரை 115 கிராம் வாக்கில், அதாவது அதே கப்பில் சாதாரணச் சர்க்கரையில் பாதிக்குக் கொஞ்சம் மேல். சர்க்கரை என்று பார்த்ததும் 200 என்று எடுத்துவிடாதீர்கள், எந்தச் சர்க்கரை என்று பாருங்கள்.

ஜனவரி 9

இதுவரை 'கப்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறோமே, அது எந்தக் கப் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இது பெரிய விஷயம், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அமெரிக்கக் கப் 236.6 மில்லி. அங்கே உணவுப் பொட்டலங்களில் சத்து விவரம் அச்சிடும்போது மட்டும் அதை 240 என்று வைத்துக்கொள்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 250. ஜப்பானில் சமையல் கப் 200. பழைய பிரிட்டிஷ் கணக்கில் அரை பைன்ட், 284. ரைஸ் குக்கரோடு வருகிற சின்னப் பிளாஸ்டிக் கப் 180 மில்லி, அது ஜப்பானின் 'கோ' என்ற பழைய அரிசி அளவிலிருந்து வந்தது. டேபிள்ஸ்பூனும் இதே கதை: பெரும்பாலான இடங்களில் 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20. அங்கே எழுதிய குறிப்பில் ஒரு டேபிள்ஸ்பூன் என்று இருந்தால் நான்கு டீஸ்பூன், மற்ற இடங்களில் மூன்று.

இதில் அந்த 180தான் என் வீட்டில் வம்பு செய்தது. அக்காவுக்குக் கேக் குறிப்பு ஒன்றைக் கப் கணக்கில் எழுதிக்கொடுத்திருந்தேன். மறுநாள் போன். "நீ சொன்ன மாதிரியேதான்டா போட்டேன். மூணு கப் மாவு, ஒண்ணே முக்கால் கப் சர்க்கரை, நாலு முட்டை. ரப்பர் மாதிரி வந்திருக்கு, ஒரே முட்டை நாத்தம்." எனக்குப் பிடிபடவே இல்லை. ஓவன் சூடு, எத்தனை நிமிடம், எந்தத் தட்டு என்று எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில்தான் "எந்தக் கப்புலக்கா அளந்தே?" என்று கேட்டேன். "குக்கரோட வந்துச்சே, அதுல."

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. எல்லாவற்றையும் ஒரே கப்பால் அளந்தால் கப் எந்த அளவானாலும் விகிதம் மாறாது, கேக் சின்னதாக வரும், அவ்வளவுதான். இது பலர் சொல்வது, சரியும்கூட. ஆனால் முட்டை கப்பில் வருவதில்லை. பேக்கிங் பவுடரும் உப்பும் ஸ்பூனில் வருகின்றன. அக்காவின் மாவும் சர்க்கரையும் பாலும் நான்கில் மூன்று பங்காகிவிட்டன, முட்டை மட்டும் நான்காகவே நின்றது. முட்டை நாற்றம் வராமல் என்ன செய்யும்?

உங்கள் கப் எத்தனை மில்லி என்று தெரிந்துகொள்ள: கப்பைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, விளிம்புவரை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தண்ணீருக்கு ஒரு மில்லி ஒரு கிராம் (அறைச் சூட்டில் ஆயிரத்தில் இரண்டு பங்குதான் குறையும், அதை மறந்துவிடலாம்). என்னிடம் இருந்தவை மூன்று. ஒன்று 238, ஒன்று 251. மூன்றாவது, 'ஒரு கப்' என்று கைப்பிடியில் பொறித்திருந்த அழகான எவர்சில்வர் கப், 219. அதை இப்போது டப்பாவிலிருந்து அரிசி எடுக்க மட்டும் வைத்திருக்கிறேன்.

தலைதட்டி அளப்பது இன்று நமக்குச் சாதாரணமாகத் தெரிகிறது. அந்தப் பழக்கத்தை அமெரிக்காவில் ஊன்றியவர் ஃபேனி ஃபார்மர், 1896இல் வெளிவந்த அவருடைய சமையல் நூல் மூலம். அதற்கு முன் 'முட்டை அளவு வெண்ணெய்' என்கிற ரீதியில்தான் குறிப்புகள் இருந்தன. கப்பைத் திட்டாதீர்கள், அந்தக் காலத்தில் அது பெரிய முன்னேற்றம்.

ஜனவரி 10

அவுன்ஸ் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். சுருக்கமாக: அவுன்ஸ் என்ற ஒரே பெயரில் எடையும் இருக்கிறது, திரவ அளவும் இருக்கிறது. எடை அவுன்ஸ் 28.35 கிராம். திரவ அவுன்ஸ் அமெரிக்காவில் 29.57 மில்லி, பிரிட்டனில் 28.41 மில்லி. தண்ணீரும் பாலும் அளக்கும்போது இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்துவிடுவதால் குழப்பம் வெளியே தெரியாது. '8 அவுன்ஸ் மைதா' என்றதும் கண்ணாடி ஜாடியில் 8 கோடுவரை மாவை நிரப்பினால்தான் தெரியும்: வேண்டியது 227 கிராம், ஜாடியில் இருப்பது ஒரு கப், 120 கிராம். உலர்ந்த பொருளுக்கு அவுன்ஸ் என்று இருந்தால் அது எடை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 15

உப்பு. நியாயமாக இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், ஏனென்றால் மாவு 20 கிராம் கூடினால் சாப்பிட்டுவிடலாம், உப்பு 5 கிராம் கூடினால் தட்டை நகர்த்தி வைத்துவிடுவோம்.

பொடி உப்பு ஒரு டீஸ்பூன் 6 கிராம். அமெரிக்கக் குறிப்புகளில் 'கோஷர் உப்பு' என்று வருவது பெரிய தட்டையான துகள், நடுவில் நிறைய இடைவெளி. அதிலும் டைமண்ட் கிரிஸ்டல் பிராண்டு என்றால் டீஸ்பூனுக்கு 2.8 கிராம், மார்ட்டன் பிராண்டு என்றால் 4.8. மூன்றும் உப்புதான், மூன்றும் ஒரு டீஸ்பூன்தான், எடையில் மட்டும் ஒன்று இன்னொன்றில் பாதிகூட இல்லை. நான் பிரெட் செய்யத் தொடங்கிய புதிதில் 'இரண்டு டீஸ்பூன்' என்று பார்த்ததும் பொடி உப்பை இரண்டு டீஸ்பூன் போட்டேன். மாவு 300 கிராம், உப்பு 12 கிராம், நூற்றுக்கு நான்கு. பிரெட்டுக்கு வழக்கம் நூற்றுக்கு இரண்டு. அன்று உப்புக் கரித்தது மட்டும் இல்லை, மாவு எழும்பவும் இல்லை. உப்பு கூடினால் ஈஸ்ட் மந்தமாகிவிடும். ஈஸ்ட் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து நல்ல ஈஸ்டைக் குப்பையில் போட்டேன், அதுதான் இன்னும் வருத்தம்.

கல் உப்பு, இடித்த உப்பு, தூள் உப்பு எதுவானாலும் எடை பார்த்துப் போட்டால் உப்பு உப்புதான். ஸ்பூனில் அளப்பதாக இருந்தால் குறிப்பை எழுதியவர் கையில் எந்த உப்பு இருந்தது என்று தெரிந்தாக வேண்டும்.

ஜனவரி 16

வெண்ணெய்க்கு ஒரு வழி. கட்டியாக இருப்பதைக் கப்பில் திணித்தால் மூலைகளில் காற்று நிற்கும், உருக்கினால் குறிப்பு கெட்டுப்போகும். மில்லி கோடு போட்ட ஜாடியில் குளிர்ந்த தண்ணீர் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு, துண்டு துண்டாக வெண்ணெயைப் போடுங்கள். தண்ணீர் எவ்வளவு ஏறுகிறதோ அதுதான் வெண்ணெயின் கன அளவு. 240 மில்லி ஏறினால் ஒரு கப் வெண்ணெய். பிறகு தண்ணீரை வடித்துவிட்டு ஈரத்தை ஒற்றி எடுங்கள்.

ஜனவரி 17, விடியற்காலை

தூக்கத்தில் உறைத்தது. நேற்று எழுதியதில் ஒரு பிசகு இருக்கிறது, அதைத் திருத்தினால் முன்பைவிட நல்ல வழி கிடைக்கிறது.

வெண்ணெய் தண்ணீரைவிட இலேசு, மிதக்கும். மிதக்கிற பொருள் விலக்குவது தன் எடைக்குச் சமமான எடையுள்ள தண்ணீரை, தன் கன அளவுத் தண்ணீரை இல்லை. ஆர்க்கிமிடீஸ் சொன்னதேதான். ஆகவே ஜாடியில் தண்ணீர் 150 மில்லி ஏறியிருந்தால் உள்ளே மிதப்பது 150 கிராம் வெண்ணெய். கன அளவு தெரியவேண்டுமென்றால் எல்லாத் துண்டையும் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டும். நமக்கு வேண்டியதே கிராம்தானே! தராசு இல்லாத வீட்டில் ஒரு ஜாடித் தண்ணீர் தராசாகிவிடுகிறது.

எழுந்து போய்ச் செய்தும் பார்த்துவிட்டேன். 300 கோட்டில் தண்ணீர், 450 வரும்வரை வெண்ணெய்த் துண்டுகள். மேல்மட்டத்தைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்த்தேன். துணியில் ஒற்றித் தராசில் போட்டால் 147. இந்த ஜாடிக் கோடுகளுக்கு இது போதும். ஒரே நிபந்தனை, துண்டுகள் ஜாடியின் அடியில் தட்டாமல், நெருக்கிக்கொண்டு சுவரில் மாட்டாமல் தாராளமாக மிதக்க வேண்டும்.

ஜனவரி 24

"அப்படியென்றால் ஒரு கப் சர்க்கரையில் காற்று எவ்வளவு?" நல்ல கேள்வி. இதற்குக் கணக்கும் உண்டு, அடுப்படியிலேயே பார்க்கவும் முடியும்.

சர்க்கரைப் படிகத்தின் அடர்த்தி ஒரு மில்லிக்கு 1.59 கிராம். 200 கிராம் சர்க்கரை இடைவெளியே இல்லாமல் ஒரே கட்டியாக இருந்தால் 126 மில்லி. நம் கப் 240. மீதி 114 மில்லி காற்று, கிட்டத்தட்ட பாதி. பொடி உப்புக்கும் ஏறத்தாழ இதே கதிதான்: படிகம் 2.16, ஸ்பூனில் மில்லிக்கு 1.2.

நேரில் பார்க்க அரை கப் சர்க்கரையை எடுத்துக்கொண்டேன். தண்ணீர் ஊற்றினால் கரையும், எண்ணெயில் கரையாது. ஸ்பூனால் அளந்து அளந்து மெதுவாக எண்ணெய் விட்டேன். முதலில் உறிஞ்சிக்கொண்டே போனது, பக்கவாட்டில் கண்ணாடி வழியாக எண்ணெய் இறங்கும் கோடு தெரிந்தது, வெள்ளையாக இருந்த சர்க்கரை நனைந்து சாம்பல் நிறக் கண்ணாடித் தூள் மாதிரி ஆனது. 54 மில்லி போனதும் மேற்பரப்பில் எண்ணெய் மினுங்கியது. கணக்குப்படி 57. மூன்று மில்லிக்குக் காற்றுக்குமிழி சிக்கியிருக்கும், ஒன்றிரண்டு குமிழி பிறகும் மேலே வந்துகொண்டிருந்தது. மேலே நின்ற எண்ணெயை வடித்துவிட்டு, சர்க்கரையை ஒரு கேக்கில் சேர்த்துவிட்டேன்.

மைதாத் துகளின் அடர்த்தி ஏறக்குறைய 1.5. 120 கிராமுக்கு 80 மில்லி. அப்படியானால் என் 'தளர்வான' கப்பில் மூன்றில் இரண்டு பங்கு காற்று. இவ்வளவு காற்று இருக்கும் பொருளை இடத்தால் அளந்துவிட்டு, ஏன் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி வருகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

பிப்ரவரி 2

தராசு எப்போதும் மேல் என்கிற தொனியில் எழுதிக்கொண்டே வந்தேன், அதையும் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன். ஒரு கிராம் ஒரு கிராமாகக் காட்டும் தராசில் 3 என்று வந்தால் உண்மையில் இரண்டரையாகவும் இருக்கலாம், மூன்றரையாகவும் இருக்கலாம். 300 கிராம் மாவில் அந்த அரை கிராம் ஒன்றுமே இல்லை. 3 கிராம் ஈஸ்டில் அது ஆறில் ஒரு பங்கு. அந்த அளவுக்குத் தலைதட்டிய டீஸ்பூன் (ஈஸ்ட் சுமார் 3 கிராம்) தராசுக்கு ஒன்றும் சளைத்ததில்லை.

இன்னொன்று, இதை நான் கண்டுபிடிக்க ரொம்ப நாளாயிற்று. தராசு பூஜ்யத்தில் நிற்கும்போது சிட்டிகை சிட்டிகையாகத் தூவினால் பல தராசுகள் 0 என்றே காட்டிக்கொண்டிருக்கும். எண் தானாக நகர்ந்துவிடாமல் இருக்க அவை தம்மைத் தாமே பூஜ்யத்துக்கு இழுத்துக்கொள்கின்றன, நாம் போட்ட சிட்டிகையையும் அப்படியே விழுங்கிவிடுகின்றன. நான் உப்பைத் தூவத் தூவ 0, 0, 0, திடீரென்று 2. உள்ளே ஏற்கெனவே நான்கு கிராம் இருந்திருக்கும். இதற்கு வழி, உப்பு டப்பாவையே தராசில் வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு, அதிலிருந்து ஸ்பூனால் எடுப்பது. −3 என்று காட்டினால் 3 கிராம் வெளியே வந்துவிட்டது.

தேனுக்கும் இதுவே சுகம். கப்பில் அளந்து கவிழ்த்தபின் கப்பை நிறுத்தேன், 9 கிராம் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தது. கப்பில் முதலில் எண்ணெய் தடவிவிட்டால் 2 கிராம்.

பிப்ரவரி 3

'சலித்த மைதா ஒரு கப்', 'மைதா ஒரு கப், சலித்தது'. இரண்டும் ஒன்றில்லை. முதலாவதில் சலித்துவிட்டு அளக்க வேண்டும், 110 முதல் 115 கிராம். இரண்டாவதில் அளந்துவிட்டுச் சலிக்க வேண்டும், பழைய 120தான். அவசரத்தில் படித்தால் கண்ணில் படாது.

பிப்ரவரி 18

ஜனவரியில் போட்ட எண்களைச் சரிபார்த்தேன். புதுப் பொட்டலம் மைதா, அதே கப், அதே ஸ்பூன், அதே கத்தி. 129, 131, 127. முதலில் கை மாறிவிட்டதோ என்று சந்தேகப்பட்டேன். பிறகு பார்த்தால் பொட்டலம் மூட்டைகளுக்கு அடியில் இருந்து இறுகியிருந்தது, டப்பாவில் கொட்டியபின் நான் சரியாகக் கிளறவில்லை. நன்றாக உதிர்த்துவிட்டு அளந்ததும் 122. கிளறுவதை ஒரு சின்ன வேலை என்று நினைத்திருந்தேன், அதில்தான் 7 கிராம் ஒளிந்திருந்தது.

முழுக்கோதுமை மாவு பற்றிக் கேட்டவருக்கு: அதையும் இப்படியே நீங்களே அளந்துவிடுங்கள். தவிட்டின் அளவும் அரைத்த நைசும் பொட்டலத்துக்குப் பொட்டலம் மாறுவதால் நான் சொல்லும் எண் உங்களுக்குப் பொருந்தாது.

மார்ச் 1

முதல் கேள்வி கேட்டவர் கேக் செய்துவிட்டார், இரண்டு முறை. முதல் முறை என் முதல் பதிவின்படி இரண்டரை கப். கொஞ்சம் தளர்வாக, நடு இலேசாக இறங்கி வந்திருக்கிறது. அதன்பின் அவர் செய்ததுதான் இந்த இழையிலேயே எனக்குப் பிடித்த விஷயம், நான் இரண்டு மாதமாகத் தராசு தராசு என்று சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் தராசு இல்லாமலே வேலையை முடித்துவிட்டார்.

ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தன் கப்பில் ஊற்றி ஊற்றி எண்ணியிருக்கிறார். நான்கு கப் நிறைந்து, ஐந்தாவதில் பாதிக்குச் சற்றுக் குறைவு. ஆக அவர் கப் 225 மில்லி வாக்கில். அடுத்து, பிரிக்காத ஒரு கிலோ மைதாப் பொட்டலத்தை முழுக்கக் கொட்டி உதிர்த்துவிட்டு, தன் கையால், தன் ஸ்பூனால், தலைதட்டித் தலைதட்டி அளந்திருக்கிறார். எட்டே முக்கால் கப். 1000ஐ எட்டே முக்காலால் வகுத்தால் 114. எடை பொட்டலத்தின் மேலேயே அச்சாகி இருக்கிறது, அதைவிட வேறு தராசு எதற்கு என்று கேட்கிறார். எனக்கு இது தோன்றவே இல்லை. 225 மில்லி கப்பென்றால் என் கணக்கிலும் மைதா 113 வருகிறது, பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம்.

வெண்ணெய்க்கு அவர் கப்பையே தொடவில்லை. 500 கிராம் கட்டி, உறையோடு வைத்து ஸ்கேலால் பத்துச் சமபங்கு குறித்து, மூன்று பங்கு வெட்டி எடுத்துவிட்டார். 150 கிராம் முடிந்தது. என் ஜாடி வித்தையைவிட இது சுலபம், கையும் நனையாது.

ஆக அவருடைய கப்புக்கு அந்தக் குறிப்பு இப்படி மாறுகிறது, அடுத்து வருகிறவர்களுக்காகப் போட்டுவைக்கிறேன்: மைதா இரண்டு கப்பும் மூன்றில் இரண்டு பங்கும், சர்க்கரை ஒரு கப்பில் இரண்டு டீஸ்பூன் குறைவு, வெண்ணெய் மூன்று துண்டு, பால் அரை கப்பும் ஒரு டீஸ்பூனும், பேக்கிங் பவுடர் இரண்டு டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு, பொடி உப்பு அரை டீஸ்பூன், முட்டை மூன்று. இரண்டாவது கேக் நடுவில் இறங்கவில்லையாம்.

மார்ச் 1, இரவு

ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை நானும் அப்படி அளந்து பார்த்தேன், 238 மில்லி கப்பில். ஐந்து கப் நிறைந்து, அடியில் ஒரு டீஸ்பூன் மீதி.